ஸ்டெல்லா தலை குனியவில்லை

ராயபுரம்
8-1-1957

அன்புள்ள புஷ்பம்,

பள்ளிக்கூடம் திறந்து விட்டது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் நீ வந்து விடுவாய் என்று நினைத்து, பெஞ்சில் உன் இடத்தில் யாரையும் உட்கார விடாமல் என் பையை வைத்திருந்தேன். இன்று காலை வருகைப் பதிவேட்டில் உன் பெயரைக் கூப்பிடாமலே டீச்சர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். "தங்கபுஷ்பம் இனி வரமாட்டாள், அவள் அப்பா ஊரோடு அனுப்பி விட்டார்" என்றார். நான் எழுந்து நின்று காரணம் கேட்டேன். உட்காரச் சொன்னார்.

காரணம் எனக்குத் தெரியாதா? எங்கள் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போன இடத்தில், இரும்பு மண் ஏற்ற வந்த ஜப்பான் கப்பலின் சமையற்காரனிடம் இரண்டு வாழைப்பழம் கொடுத்து அந்தப் படக்கதைப் புத்தகத்தை வாங்கி வந்ததுதான் காரணம். ஓர் எழுத்துகூடப் புரியாத புத்தகத்தை நாம் இருவரும் மாதக்கணக்கில் படித்தோமே! பள்ளிக்கூடப் பெண், அவள் பின்னால் ஒரு பையன், முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு அவள் கண்கள், கண்ணுக்குள் நட்சத்திரம். அதனால்தான் நான் அவளுக்கு ஸ்டெல்லா என்று பெயர் வைத்தேன்.

நம் வகுப்பின் கையெழுத்துப் பத்திரிகையில் நான் அவளைத் திட்டி விமர்சனம் எழுதினேன். நீ எனக்கு மறுப்பு எழுதினாய். நம் சண்டை பத்திரிகைக்கு அழகு என்றுதான் நினைத்தேன். ஹெட்மிஸ்ட்ரஸ் உன் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்புவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

எப்போது வருகிறாய்? மார்ச்சில் பரீட்சை. கணக்கில் நீ இல்லாமல் நான் தேற மாட்டேன் என்பது உனக்கே தெரியும்.

உன்
ஐரீன்


மெஞ்ஞானபுரம்
16-1-1957

ஐரீனுக்கு,

"அன்புள்ள" என்று எழுதி அடித்து விட்டேன். கோபம் தீராமல் அதை எழுதுவது பொய்.

உன் விமர்சனத்தில் என்ன எழுதினாய் என்று ஞாபகப்படுத்திப் பார். "ஒரு பையனுக்காகக் கண்ணீர் விடும் அசட்டுப் பெண். பாலத்தின் மேல் அவனோடு நின்று சிரித்தவள், கடைசிப் பக்கத்தில் வகுப்பறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். இதுதான் அவளுக்குத் தண்டனை." அதைக் காலைப் பிரார்த்தனையின்போது ஹெட்மிஸ்ட்ரஸ் உரக்கப் படித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். நீ சிரித்துக்கொண்டே நின்றாய். அன்று மாலையே என் மறுப்பை எங்கள் அப்பா கையில் கொடுத்தார்கள். ஒரே புத்தகத்தைப் பற்றி எழுதிய உனக்குக் கைதட்டல், எனக்கு மெஞ்ஞானபுரம்.

தண்டையார்பேட்டையில் எங்கள் கருப்பட்டி மண்டியை அப்பா அன்று சாயங்காலம் திறக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"யாருளா அவன்?"

"யாரும் இல்லப்பா" என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அந்தக் காகிதத்தை என் முன்னால் ஆட்டினார். "ஒருத்தன் இல்லாமலா ஒரு பொட்டப்பிள்ள இவ்வளவு துணிச்சலா எழுதும்?" என்றார். அந்த இடத்தில் என் வாய் மூடிக்கொண்டது.

கிறிஸ்துமஸுக்கு அத்தை வீடு என்று சொல்லித்தான் அழைத்து வந்தார். திரும்பும்போது தன் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார். வேதப் புத்தகத்தில் கை வைத்து, "எனக்கு அப்படி யாரும் இல்லை, நான் எழுதியது தவறு" என்று நான் சத்தியம் செய்தால் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாராம். இல்லாவிட்டால் ஈஸ்டர் முடிந்ததும் அத்தை மகன் அருள்பிரகாசத்துக்குக் கட்டிக் கொடுத்து விடுவாராம்.

உன் கடிதத்தையும் அருள்பிரகாசம்தான் பிரித்துப் படித்து அத்தைக்குச் சொன்னார். கிரேன், வாழைப்பழம் எல்லாம் இப்போது இந்தத் தெருவுக்கே தெரியும்.

புஷ்பம்


ராயபுரம்
23-1-1957

அன்புள்ள புஷ்பம்,

நீ அடித்தால் அடித்துக்கொள், நான் எழுதுவேன்.

நான் சிரித்தது உண்மை. என் எழுத்தை அத்தனை பேர் முன்னால் படித்தால் எனக்குச் சிரிப்பு வராதா? நீயாக இருந்தால் அழுதிருப்பாயா?

அதை விடு. சத்தியம் செய்துவிட்டு வா. உன்னைப் பொய் சொல்லவா சொல்கிறார்கள்? உனக்குத்தான் யாரும் இல்லையே. கணக்கு வாத்தியாரைத் தவிர வேறு ஓர் ஆண்பிள்ளையோடு நீ பேசி நான் பார்த்ததில்லை. அவரோடும் சண்டைதான் போடுவாய். உள்ளதை உள்ளபடி சொல்வதற்கு இத்தனை யோசனை எதற்கு? கையை வை, சொல், ரயில் ஏறு. "எழுதியது தவறு" என்பதை வாய்க்குள் முணுமுணுத்து விடு. பரீட்சை எழுதிவிட்டு, கல்லூரியில் சேர்ந்துவிட்டு, எது சரி எது தவறு என்று அப்புறம் உட்கார்ந்து சண்டை போடலாம்.

உங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு வரை வந்த முதல் ஆள் நீ. அதை ஒரு ஜப்பான் பொம்மைக்காக விட்டுவிடாதே. அவள் காகிதம், புஷ்பம். நீ உயிருள்ளவள்.

ஐரீன்


மெஞ்ஞானபுரம்
1-2-1957

ஐரீன்,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் நீ சொல்வதுதான் நியாயம் என்று பட்டது. புத்தகத்தில் கை வைக்கக்கூடப் போனேன். அத்தை முகம் கழுவி வந்து உட்கார்ந்தாள். அருள்பிரகாசம் வாசற்படியில் நின்றார். அத்தை வேதப் புத்தகத்தை நீட்டி, "சொல்லுட்டி. எனக்கு யாரும் இல்லன்னு சொல்லு. அம்புட்டுதான்" என்றாள்.

என்னால் சொல்ல முடியவில்லை.

யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், கர்த்தருக்குத் தெரியும். ஆனால் நான் சத்தியம் செய்து சொன்னேன் என்றால், யாராவது இருந்தால் அது குற்றம் என்று நானே ஒப்புக்கொண்டதாகி விடும். அந்தக் குற்றத்தை நான் செய்யவில்லை, ஆகவே என்னைப் பள்ளிக்கூடத்துக்குள் விடுங்கள் என்று கெஞ்சியதாகி விடும். நான் எழுதியதே அது குற்றமில்லை என்றுதானே!

அத்தையிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "மாட்டேன் அத்தை" என்று மட்டும் சொன்னேன்.

"அப்பம் இருக்கான்னுதான அர்த்தம்?"

"அதுக்கும் நான் பதில் சொல்லமாட்டேன்."

அத்தை புத்தகத்தை மூடிவிட்டு அழுதாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவள் கெட்டவள் இல்லை. இரவில் எனக்கு மீன் முள் எடுத்துத் தருகிறாள்.

வாய்க்குள் முணுமுணுக்கச் சொன்னாயே, அதுதான் என்னைச் சுட்டது. நீ உன் விமர்சனத்தை முணுமுணுத்தா எழுதினாய்? ஸ்டெல்லா காகிதம்தான். நான் எழுதியது என்னைப் பற்றி.

இனி எனக்கு எழுதாதே. நன்றாகப் பரீட்சை எழுது.

தங்கபுஷ்பம்


ராயபுரம்
11-2-1957

புஷ்பம்,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியாத ஒன்று நடந்துவிட்டது.

படக்கதைப் புத்தகம் தாள் தாளாகக் கழன்று போயிருந்தது. யானைக்கவுனியில் பைண்டிங் கடை வைத்திருக்கும் ரஷீது பாயிடம் தைத்துத் தரச் சொல்லிக் கொடுத்தேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னாமா, பொஸ்தவத்த பின்னாலேந்து பிரிச்சுகினு கீறே?" என்றார். எனக்கு விளங்கவில்லை. "தையல் எந்தப் பக்கம் கீது பாரு. எங்க உருது பொஸ்தவம் கணக்கா இது வலப் பக்கத்திலேந்து படிக்கணும். நீ கடைசி பக்கம்னு சொல்றியே, அதான் மொத பக்கம்" என்றார்.

கடையிலேயே உட்கார்ந்து அவர் சொன்ன மாதிரி புரட்டினேன். ஜன்னலோரத்தில் ஒரு பூச்செடி வருமே, ஞாபகம் இருக்கிறதா? நாம் படித்தபோது பூ மெல்ல மெல்லச் சுருங்கி மொட்டாகும். "மலர் மொட்டாகச் சுருங்குவது அந்தப் பெண்ணின் வாழ்வு சுருங்குவதைக் காட்டுகிறது" என்று நான் எழுதினேன். ஹெட்மிஸ்ட்ரஸ் மிகவும் பாராட்டிய வரி அதுதான். இப்போது பார்த்தால் மொட்டு பூக்கிறது, அவ்வளவுதான்! உலகத்தில் எல்லாச் செடியும் செய்கிற வேலை.

வகுப்பறையில் அவள் தனியாக உட்கார்ந்திருப்பதுதான் தொடக்கம். அது தண்டனையே இல்லை. அவள் மற்றவர்களுக்கு முன்பே வந்துவிட்டாள், அவ்வளவுதான். நடுவில் அழுகிறாள். முடிவில் பாலத்தின் மேல் அந்தப் பையனோடு நின்று சிரிக்கிறாள். கையில் புத்தகப் பை இருக்கிறது. படிப்பை விட்டுவிட்டதாக எங்கேயும் காணோம். அந்தக் கதையில் யாரும் யாரையும் தண்டிக்கவில்லை, புஷ்பம். தண்டனை என்பது நான் கொண்டுபோய் வைத்தது.

இப்போது கேள். இருபத்து மூன்றாம் தேதி பரிசளிப்பு விழா. அந்த விமர்சனத்துக்காக எனக்கு வெள்ளிக் கோப்பை தருகிறார்களாம். மேடையில் நானே அதைப் படிக்க வேண்டுமாம். இன்று காலை ஹெட்மிஸ்ட்ரஸிடம் போய், கதையைத் தலைகீழாகப் படித்துவிட்டேன், விமர்சனம் தப்பு என்று சொன்னேன். அவர் சிரித்தார். "கதை எப்படி இருந்தால் என்ன? நீதி நன்றாக இருக்கிறது. அதையே படி" என்றார்.

கதை எப்படி இருந்தால் என்ன என்றா கேட்பது? அந்த நிமிஷம் முடிவு செய்தேன். என்ன செய்யப் போகிறேன் என்று இங்கே எழுதவில்லை, ஏனென்றால் இதை முதலில் வேறொருவர் படிப்பார்.

திரு. அருள்பிரகாசம் அவர்களுக்கு: வணக்கம். அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பவர் ஒட்டிக்கொடுக்கவாவது நல்ல பசை வாங்கி வைத்துக்கொள்ளலாம். என் சென்ற கடிதம் புஷ்பம் கைக்குப் போகும்போது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அவள் சொல்லாமலே தெரியும்.

ஐரீன்


மெஞ்ஞானபுரம்
18-2-1957

அன்புள்ள ஐரீன்,

இந்தத் தடவை அடிக்கவில்லை.

உன் கடிதம் பிரிக்கப்படாமல் என் கையில் கிடைத்தது. இல்லை, பிரித்து, படித்து, நல்ல பசை போட்டு ஒட்டிக் கிடைத்தது. அருள்பிரகாசத்தின் முகம் சிவந்திருந்தது. நான் சிரித்து விட்டேன். இங்கே வந்த பிறகு முதல் சிரிப்பு.

அன்று மாலை கிணற்றடியில் அவரே வந்து பேசினார். "ஊருக்குச் சொல்லாண்டாம், அம்மைக்குச் சொல்லாண்டாம். என்கிட்ட மட்டும் ஒருக்கா சொல்லிரு, யாரும் இல்லன்னு. நான் நம்பிக்கிடுதேன்" என்றார்.

"நம்புறதா இருந்தா கேக்காமலே நம்பலாமே, அத்தான்" என்றேன்.

வாளியைக் கீழே வைத்தார். "ஆயுசு முழுக்க இப்படித்தான் பேசுவியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நேரே உள்ளே போய் அத்தையிடம், "எனக்கு இந்தப் பிள்ள வேண்டாம்மா. இதுகிட்டப் பேசி மாளாது" என்று சொல்லிவிட்டார். வீடே இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. அப்பாவுக்குத் தந்தி போயிருக்கிறது. இனி வேறு மாப்பிள்ளை பார்ப்பார்களோ, இங்கேயே வைத்துப் பூட்டுவார்களோ தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நாம் தலைகீழாகப் படித்தோம் என்பது வேடிக்கைதான். எனக்கு அதனால் நஷ்டமில்லை. நான் கதையின் வரிசையைப் பற்றி எழுதவில்லையே. அவள் முகத்தைப் பற்றித்தான் எழுதினேன். எந்தப் பக்கத்திலிருந்து புரட்டினாலும் அது அதே முகம்.

நீ என்ன செய்யப் போகிறாயோ, எனக்காகச் செய்யாதே. சரி என்று பட்டால் செய்.

புஷ்பம்


ராயபுரம்
25-2-1957

அன்புள்ள புஷ்பம்,

கோப்பை எனக்குக் கிடைக்கவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தில் துக்கச் செய்தி அது ஒன்றுதான்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் தண்டையார்பேட்டைக்கு உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் அப்பா மண்டியில் இருக்கும் நேரம். உன் அம்மா என்னைப் பார்த்ததும் கதவை மூடப் போனார்கள். பிறகு திறந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்கள்: "ஏ பிள்ள, எம் மவ அப்படி என்னதான் எழுதினா? ஒருத்தரும் எனக்குச் சொல்லல. எனக்கு வாசிக்கவும் தெரியாது."

இத்தனை நாளாக உன் அம்மாவுக்கு அதை யாருமே படித்துக் காட்டவில்லை. "சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வாங்க, கேக்கலாம்" என்றேன்.

வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலையில், கடைசி வரிசையில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

என் பெயரைக் கூப்பிட்டதும் மேடை ஏறினேன். "நான் எழுதிய விமர்சனம் தப்பு. கதையைத் தலைகீழாகப் படித்து எழுதினேன். இதே புத்தகத்தைப் பற்றி என் சிநேகிதி தங்கபுஷ்பம் எழுதியதுதான் சரி. அதைப் படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். பத்திரிகையிலிருந்து உன் தாளை எடுத்துவிட்டார்கள் அல்லவா? எனக்குத் தாள் தேவைப்படவில்லை. உன்னோடு சண்டை போட்டுப் போட்டு எனக்கு அது மனப்பாடம்.

"இந்தப் பெண் எந்தப் பக்கத்திலும் தலை குனியவில்லை. அழும்போதுகூட நேரே பார்த்துத்தான் அழுகிறாள். அவள் ஒருவனை விரும்புகிறாள். அதனால் அவளுக்குக் கணக்கு மறந்துவிடவில்லை, அம்மா மேல் பாசம் குறையவில்லை, வகுப்புக்கு நேரத்துக்கு வராமல் இல்லை..."

ஹெட்மிஸ்ட்ரஸ் எழுந்து, "போதும், இறங்கு" என்றார். நான் நிறுத்தினேன். உண்மையைச் சொல்கிறேன், அங்கே என் தைரியம் தீர்ந்துவிட்டது.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். "நிறுத்தாதிய!"

உன் அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். "அது எம் மவ எழுதினது. அதுக்காவத்தான் அவள என்கிட்டருந்து பிரிச்சு ஊருக்கு அனுப்பிட்டாவ. அது என்னன்னு பெத்தவ நான் முழுக்கக் கேக்கணும். நீ சொல்லு பிள்ள."

ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைப் பார்த்தார், உன் அம்மாவைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். நான் முடிவு வரை சொன்னேன்.

"அவளை மன்னிக்கும்படி யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் மன்னிப்பதற்கு அவள் எதுவும் செய்யவில்லை. அவளை நான் சிநேகிதியாக ஏற்றுக்கொள்கிறேன். அவளை ஏற்றுக்கொள்ளாத பள்ளிக்கூடம் இருந்தால் அது அவளுக்குக் குறைவில்லை."

யாரும் கைதட்டவில்லை. உன் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மாளிடம், "இவ்வளவுதானா?" என்று கேட்டார்கள். அந்த அம்மாள், "இவ்வளவுதான் போலிருக்கு" என்றார்கள். உன் அம்மா வெளியே நடந்துவிட்டார்கள்.

அப்புறம் நடந்ததை உங்கள் மண்டியில் மூட்டை தூக்கும் கிருஷ்ணப்பன் என் அப்பாவிடம் சொன்னார். அந்த வெள்ளைச் சேலையோடு நேரே மண்டிக்குப் போய், அத்தனை ஆட்கள் முன்னால் உன் அம்மா சொன்னார்களாம்: "பிள்ளய கூட்டிட்டு வாங்க. சத்தியமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீங்க போகலன்னா நான் போறேன். எனக்கு எழுத்துதான் தெரியாது, எம் பிள்ள இருக்க ஊருக்கு வழி தெரியும்." உன் அப்பா தராசைப் பிடித்தபடியே நின்றாராம்.

என் கதைக்கு வருகிறேன். பரீட்சை வரை நான் வகுப்புக்கு வரக்கூடாது என்று உத்தரவு. என் அப்பாவை வரச் சொன்னார்கள். வேலை உடுப்போடு, கையெல்லாம் கிரீஸோடு வந்து நின்றார். ஹெட்மிஸ்ட்ரஸ் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும், "அப்போ எம் பொண்ணு எழுதுனா கப்பு குடுப்பீங்க, அவ தோஸ்து எழுதுனா வூட்டுக்குத் தொரத்துவீங்க. இன்னா நாயம்மா இது?" என்றார். ஹெட்மிஸ்ட்ரஸ் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அப்பா, "சரிம்மா, பரீட்சை எழுத சீட்டு மட்டும் குட்த்துடுங்க. ரெண்டு பேருக்கும்" என்று கையை நீட்டியபடி நின்றார். நம் இருவர் பெயரும் நவம்பரிலேயே பரீட்சைக்குப் போய்விட்டது. அதை நிறுத்த ஹெட்மிஸ்ட்ரஸுக்கு அதிகாரம் இல்லை. உன் ஹால் டிக்கெட்டும் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது.

வரும் வழியில் அப்பா முன்னால் வேகமாக நடந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். வீட்டு வாசலில், "இம்மாம் பேஜாரு ஆவும்னு தெர்ஞ்சிருந்தா, அந்த ஜப்பான்காரன்கிட்ட இன்னும் ரெண்டு வாயப்பயம் குட்த்து இன்னொரு பொஸ்தவம் வாங்கியாந்திருப்பேன்" என்றார்.

ஐரீன்


தண்டையார்பேட்டை
20-3-1957

அன்புள்ள ஐரீன்,

மேலே எழுதியிருக்கும் ஊரைப் பார். வந்துவிட்டேன். பரீட்சை வரை வெளியே போக வேண்டாம் என்று அம்மா சொல்லியிருப்பதால் உடனே உன்னைப் பார்க்க வர முடியவில்லை. கிருஷ்ணப்பன் அண்ணன் இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவார். அவர் கையில் ஹால் டிக்கெட்டைக் கொடுத்துவிடு. கணக்கில் சந்தேகம் இருந்தால் அதையும் எழுதிக் கொடு.

அப்பா திங்கட்கிழமை மத்தியானம் அத்தை வீட்டுக்கு வந்தார். முகத்தில் பல நாள் தாடி. அத்தை உடனே வேதப் புத்தகத்தை எடுத்து வந்து அவர் பக்கத்தில் வைத்தாள். அவர் அதைக் கண்ணில் ஒற்றிவிட்டு எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார். "பெட்டிய எடு" என்றார் என்னிடம்.

அத்தை விடவில்லை. "அண்ணே, அவ வாயத் திறக்கவே இல்லயே! ஊருக்கு என்ன சொல்லுவிய?"

"ஊரு கேக்கட்டும்" என்றார் அப்பா. அவ்வளவுதான். அருள்பிரகாசம் என் பெட்டியை ஸ்டேஷன் வரை தூக்கி வந்தார். "நல்லா எழுது" என்றார். நல்ல மனுஷர். அவருக்கு அதிகம் பேசாத ஒரு பெண் கிடைக்கட்டும்.

ரயில் திருநெல்வேலியில் நின்றபோது அப்பா சாப்பாடு வாங்கி வைத்தார். ராத்திரி தன் துண்டை எடுத்து என் மேல் போர்த்தினார். நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டிருந்தார். நான் தூங்கவில்லை. அவர் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்ததோ அவ்வளவும் அப்படியே இருந்தது. அதோடு அழுகையும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று எனக்கு முன்பு தெரியாது.

விடிந்து செங்கல்பட்டில் வண்டி நின்றபோது காபி வாங்கிக் கொடுத்தார். தன் தம்ளரை ஆற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"ஏட்டி, சத்தியம் ஒண்ணும் செய்யாண்டாம். சும்மாதான் கேக்குதேன். நெசமாவே யாரும் இல்லியா?"

அந்தக் குரலில் முன்பிருந்த அதட்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால் பதில் சொன்னேன்.

"இப்போ இல்லப்பா. வந்தா உங்ககிட்டச் சொல்லுதேன்."

அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். வண்டி புறப்பட்டு, ஏரி போய், வயல் போய், தாம்பரம் தாண்டி வீடுகள் தொடங்கிவிட்டன. இனி பேசவே மாட்டார், எழும்பூரில் இறங்கினதும் அடுத்த ரயிலில் என்னைத் திருப்பி ஏற்றிவிடுவார் என்றே நினைத்தேன்.

"பரீட்சை என்னைக்கு?" என்றார்.

"வார திங்கக்கிழமை."

"மொதல்ல கணக்கா?"

"தமிழ்."

கொஞ்ச நேரம் கழித்து, "பேனாவுல மை இருக்கா?" என்று கேட்டார்.

புஷ்பம்